கொசுவுக்குள் குடியிருக்கும் காவல்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை ஏழு மணி. நடைவழியில் ஊழியர் ஒருவர் ஒரு குடுவையின் மூடியைத் திறந்து தட்டுகிறார். உள்ளேயிருந்து கொசுக்கள் கூட்டமாகப் பறக்கின்றன. மார்க்கெட்டுக்குப் புறப்பட்ட பாட்டி ஒருவர் அதைப் பார்த்துவிடுகிறார். "ஏன் தம்பி, பூந்தொட்டித் தட்டில தண்ணி நின்னா எங்களுக்கு அபராதம். நீங்களே கொசுவைக் கொண்டாந்து விடுறீங்களே, இது என்ன நியாயம்?" என்று கேட்கிறார்.

பாட்டியின் கேள்வியில் தவறில்லை. அதற்கான பதில், வைரஸ், பாக்டீரியா, அவை இரண்டும் குடியிருக்கும் கொசு ஆகிய மூன்று உயிர்களின் உறவுக்குள் இருக்கிறது. அந்த உறவை அறிவியலாளர்கள் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

பழைய ஆயுதங்கள் போதவில்லை

டெங்கி நமக்குப் புதிதல்ல. 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். 182 பேர் உயிரிழந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு, 2020இல், சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது.

டெங்கி வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வகைக்கு எதிராக மட்டுமே நீடித்த பாதுகாப்பு கிடைக்கிறது. பிறகு வேறொரு வகை தொற்றினால் நோய் முன்னைவிடக் கடுமையாகக்கூடும். தடுப்பூசி தயாரிப்பு சிக்கலானதற்கு இதுவும் ஒரு காரணம். வைரசை நேரடியாக ஒழிக்கும் மருந்தும் இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை.

ஆகவே வைரசைச் சுமந்து திரியும் ஏடிஸ் கொசுவைத்தான் தாக்கவேண்டியிருக்கிறது. மருந்துப் புகை அடித்தால் பறக்கும் கொசு மடியும். தண்ணீரில் நெளியும் புழுக்கள் தப்பித்துவிடும். ஒரே மருந்தைத் தொடர்ந்து அடிக்கும்போது அதைத் தாங்கும் கொசுக்கள் பிழைத்துப் பெருகும். நாளடைவில் மருந்து வலுவிழக்கும்.

யார் இந்த வோல்பாக்கியா?

1924ஆம் ஆண்டில் ஹெர்ட்டிக், வோல்பாக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கியூலெக்ஸ் கொசுவின் உடலுக்குள் நுண்ணிய பாக்டீரியா ஒன்றைக் கண்டனர். பின்னர் அதற்கு 'வோல்பாக்கியா' என்று பெயரிடப்பட்டது. கண்டுபிடித்தபோது அதை யாரும் பெரிதாகக் கருதவில்லை. உலகிலுள்ள பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதி இதைச் சுமந்திருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு.

வோல்பாக்கியா உயிரணுவுக்கு வெளியே தனித்து வாழாது. பூச்சியின் உயிரணுக்களுக்குள்ளேயே வாழ்ந்து, தாயின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. தந்தை வழியாக அது போவதில்லை. எனவே, தன்னைச் சுமக்கும் பெண் பூச்சிகள் பெருகினால்தான் அதற்கு எதிர்காலம் உண்டு. அதற்காக அது ஒரு தந்திரம் செய்கிறது.

வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆனால் வோல்பாக்கியா உள்ள பெண் கொசு எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகளிலும் வோல்பாக்கியா இருக்கும். ஆணின் விந்துவில் ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, அதன் சாவியைப் பெண்ணின் முட்டைக்குள் வைத்துக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். சாவி இல்லாத முட்டை வீணாகிறது.

இந்தப் பூட்டின் பயன், அதன் காரணம் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 1967இல் லாவென் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், பர்மாவின் ரங்கூன் அருகே ஒக்போ என்ற கிராமத்தில் வேறிடத்துக் கியூலெக்ஸ் ஆண் கொசுக்களை விட்டார். யானைக்கால் நோயைப் பரப்பும் உள்ளூர்க் கொசுக்கள் அங்கு மறைந்தன. முட்டைகள் பொரிக்காமல் போனதற்கு வோல்பாக்கியாதான் காரணம் என்பது 1971இல்தான் நிரூபணமானது.

அந்தப் பூட்டுக்கும் சாவிக்கும் உரிய மரபணுக்கள் எவை என்பதை 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அந்த மரபணுக்கள் இருக்குமிடம்தான் வியப்பானது. பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒன்று எப்போதோ வோல்பாக்கியாவின் மரபுப் பொருளுக்குள் நுழைந்து தங்கிவிட்டது. பூட்டுக்கான மரபணுக்கள் அந்த வைரசின் பகுதியில் இருக்கின்றன. கொசுவுக்குள் ஒரு பாக்டீரியா. பாக்டீரியாவுக்குள் ஒரு வைரஸ். மனிதனைத் தாக்கும் வைரசுக்கு எதிராக இன்று பயன்படும் கருவி, இன்னொரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது!

டெங்கிக்கு அங்கே இடமில்லை

டெங்கியை முக்கியமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவிடம் இயற்கையில் வோல்பாக்கியா நிலைத்திருப்பதில்லை. வேறு பூச்சியிலிருந்து எடுத்து அதன் முட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்தவேண்டும். முட்டையோ கண்ணுக்கு ஒரு கரும்புள்ளி போலத்தான் தெரியும். பல முயற்சிகளுக்குப் பின், ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற புலிக்கொசுவின் வோல்பாக்கியாவை ஏடிஸ் எஜிப்தியில் நிலைக்கச் செய்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் அறிவித்தனர்.

2008இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. வோல்பாக்கியா உள்ள பழ ஈக்களைச் சில வைரஸ்கள் எளிதில் கொல்ல முடிவதில்லை என்பதே அது. மறு ஆண்டே, ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஸ்காட் ஓநீலின் குழு, வோல்பாக்கியா செலுத்தப்பட்ட ஏடிஸ் கொசுவில் டெங்கி வைரஸ் பெருகுவது தடைபடுவதைக் காட்டியது.

காரணம் என்ன? வைரஸ் பெருகுவதற்குக் கொசுவின் உயிரணுவிலுள்ள கொழுப்புப் பொருள்கள் தேவை. அங்கே முன்பே குடியேறிய வோல்பாக்கியாவும் அவற்றையே பயன்படுத்துகிறது. சில கொசுக்களில் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் அது முன்கூட்டியே தூண்டிவிடுகிறது. நோயாளியைக் கடித்த கொசுவின் உமிழ்நீருக்கு வைரஸ் வந்துசேர ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். அந்த நாள்களில் வைரஸ் போதிய அளவு பெருகாவிட்டால், கொசு கடித்தாலும் டெங்கி பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

ஒரே பாக்டீரியா, இரண்டு வழிகள்

மலேசியாவும் சிங்கப்பூரும் இதே பாக்டீரியாவை நேரெதிரான வழிகளில் பயன்படுத்துகின்றன.

மலேசியாவில் ஆண், பெண் இரண்டு கொசுக்களும் விடப்பட்டன. வோல்பாக்கியா உள்ள பெண்களே தலைமுறைதோறும் ஆதாயம் பெறுவதால், நாளடைவில் அந்த வட்டாரத்து ஏடிஸ் கொசுக்கள் பெரும்பாலும் வோல்பாக்கியா கொசுக்களாகிவிடும். கொசு இருக்கும், ஆனால் டெங்கியைக் கடத்தும் ஆற்றல் அதற்குக் குறைந்திருக்கும்.

மலேசிய மருத்துவ ஆய்வுக் கழகம் 2017 முதல் ஷா ஆலம் உட்பட சிலாங்கூரின் ஆறு இடங்களில் இதைச் சோதித்தது. பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியா வகை கடும் வெப்பத்தில் குறைந்துபோகிறது. வெயிலில் சூடேறும் வாளித் தண்ணீரில் வளரும் புழுக்களுக்கு அது ஒத்துவராது என்பதால், வெப்பம் தாங்கும் புலிக்கொசு வகை தேர்ந்தெடுக்கப்பட்டது. கொசு விடப்பட்ட இடங்களில் டெங்கிச் சம்பவங்கள் சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் ஆய்வு முடிவு வெளியானது. அதே ஆண்டில் சுகாதார அமைச்சு திட்டத்தை வேறு இடங்களுக்கும் விரிவுபடுத்தத் தொடங்கியது.

சிங்கப்பூரில் தேசிய சுற்றுப்புற வாரியம் 2016 அக்டோபரில் வெளிக்களச் சோதனையைத் தொடங்கியது. அங்கே விடப்படுபவை ஆண் கொசுக்கள் மட்டுமே. ஆண் கொசு கடிப்பதில்லை. செடியின் சாற்றைக் குடித்து வாழ்கிறது. அதோடு சேரும் உள்ளூர்ப் பெண் கொசுவின் முட்டைகள் பொரிக்காது. கொசுக்களின் எண்ணிக்கையே இப்படிக் குறைகிறது.

இதில் ஓர் இடர் உண்டு. வோல்பாக்கியா உள்ள பெண் கொசுக்கள் கவனக்குறைவால் கலந்து வெளியேறினால், அவற்றின் முட்டைகள் வோல்பாக்கியா ஆணோடு சேர்ந்தாலும் பொரிக்கும். அந்தச் சந்ததி பெருகினால், பிறகு விடப்படும் ஆண் கொசுக்களால் பயனில்லை. மலேசியாவில் வெற்றி எனக் கருதப்படுவது சிங்கப்பூரில் தோல்வியாகிவிடும். அதனால்தான் அங்கே கூட்டுப்புழுப் பருவத்திலேயே பெண்ணைப் பிரித்தெடுக்கிறார்கள். தப்பித்த ஒன்றிரண்டும் பெருகாதபடி ஊடுகதிரும் செலுத்துகிறார்கள். 2019 டிசம்பரில் அங் மோ கியோவில் திறக்கப்பட்ட நிலையம், வாரத்திற்கு 5 மில்லியன் ஆண் கொசுக்கள் வரை உற்பத்தி செய்யக்கூடியது. ஓராண்டும் அதற்கு மேலும் கொசு விடப்பட்ட வட்டாரங்களில் டெங்கி கண்டவர்கள் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்ததாக வாரியம் கூறியிருக்கிறது.

இன்னொரு வலுவான சான்று இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரிலிருந்து வந்தது. நகரம் 24 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, சீட்டுக் குலுக்குவதுபோல் 12 வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கு மட்டும் வோல்பாக்கியா கொசுக்கள் விடப்பட்டன. அவ்வட்டாரங்களில் டெங்கி 77 விழுக்காடும், அதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 86 விழுக்காடும் குறைவாக இருந்ததாக 2021இல் முடிவு வெளியானது.

மக்கள் கேட்கும் கேள்விகள்

"அந்தப் பாக்டீரியா நம்மைத் தொற்றாதா?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. கியூலெக்ஸ் கொசுவும் புலிக்கொசுவும் இயற்கையாகவே வோல்பாக்கியாவைச் சுமப்பவை. அவை மனிதர்களைக் காலங்காலமாகக் கடித்து வருகின்றன. அதனால் மனிதருக்கு வோல்பாக்கியா தொற்று உண்டானதில்லை.

"வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு தப்பித்துவிடாதா?" இதுவும் நல்ல கேள்வி. உயிருள்ள கருவியைக் கொண்டு நடத்தும் போரில் எதிரி மாறிக்கொள்ளும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அதனால்தான் கொசுவை விட்டதோடு பணி முடிந்துவிடுவதில்லை. கொசுக்களையும் வைரசையும் தொடர்ந்து பரிசோதித்துவர வேண்டியிருக்கிறது.

"இனித் தண்ணீரைக் கொட்ட வேண்டாமா?" என்ற கேள்விதான் மிகவும் ஆபத்தானது. சிங்கப்பூர் முறையில், ஒரு வாளியில் பிறக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஈடாக நிலையத்திலிருந்து மேலும் பல ஆண் கொசுக்களை அனுப்பவேண்டும். விடுவதை நிறுத்தினால், அக்கம்பக்கத்திலிருந்து கொசு மீண்டும் வந்து பெருகும். மலேசிய முறையிலும் எல்லா வட்டாரங்களிலும் கொசு விடப்படவில்லை. டெங்கி குறைந்திருக்கிறதே தவிர ஒழிந்துவிடவில்லை. 40 விழுக்காடு குறைந்தது என்றால் மீதி 60 விழுக்காடு இருக்கிறது என்பதே பொருள்.

பாக்டீரியா என்றாலே பகை, வைரஸ் என்றாலே அழிவு என்று நாம் பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மைதான். எந்த உயிர் எந்த உயிருக்குள் யாரோடு சேர்ந்து வாழ்கிறது என்பதைப் பொறுத்தே அது நமக்கு நோயாவதும் காவலாவதும் அமைகிறது.

நடைவழியில் நின்ற பாட்டிக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். "பாட்டி, இது ஆண் கொசு, கடிக்காது. உங்கள் தட்டில் வளர்வது கடிக்கும் பெண் கொசுவாக இருக்கலாம். இந்தக் கொசு தன் வேலையைச் செய்யட்டும். தட்டுத் தண்ணீரை மட்டும் நீங்கள் கொட்டிவிடுங்கள்."