கணேஷுக்கும் வசந்துக்கும் நடுவே



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டதோ அவர் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, பைண்டு செய்து வைத்திருந்த வாசகர் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்தத் தைரியத்தில்தான் நினைவுச் சொற்பொழிவுக்கு ஒவ்வாது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடிய பொருளை எடுத்துக்கொண்டேன். முன்கூட்டியே தெரிவது, தலைக்குள் குரல் கேட்பது, தொட்டவுடன் அடுத்தவர் கதை புலப்படுவது போன்ற ஆற்றல்களை வைத்துப் பின்னப்படும் திகில் நாவலைப் பற்றிப் பேசப்போகிறேன்.

ஸ்டீபன் கிங் 1979-இல் ‘தி டெட் ஸோன்’ எழுதினார். பள்ளி ஆசிரியர் ஒருவர் விபத்தில் அடிபட்டு, ஆண்டுக்கணக்கில் நினைவின்றிக் கிடந்து எழுகிறார். அதன்பிறகு ஒருவரைத் தொட்டால் அவருக்கு வரப்போவது தெரிகிறது. இதை வாசகர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக விபத்து, மருத்துவமனை, மருத்துவர்களின் குழப்பம் என்று கிங் பொறுமையாக அடித்தளம் போடுகிறார். அவருடைய வாசகர் சந்தேகத்தோடு உள்ளே வருகிறவர்.

நம் வாசகர் அப்படியல்ல. இந்த மேனாம்பேட்டைவிட்டு வெளியே போய் அதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆயுத பூஜையன்று ஏதாவது ஒரு பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். லேத் மெஷினின் தலைமாட்டில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைந்து சிதறிக் கிடக்கும். உள்ளே மேசைமேல் மைக்ரோமீட்டர் இருக்கும். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிடிக்கும். அந்த அளவு தப்பினால் ஜாப் ரிஜெக்ட். பூசணிக்காயை உடைத்த அதே கைதான் மைக்ரோமீட்டரையும் திருகுகிறது. இரண்டுக்கும் அங்கே சண்டையே இல்லை.

அதனால் தமிழில் இவ்வகை நாவல் எழுதுகிறவருடைய வேலை தலைகீழாகிவிடுகிறது. குறி பலிக்கும் என்று இவர் யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை. ஒருவேளை பலிக்காதோ என்ற ஐயத்தைக் கிளப்புவதுதான் கடினம். அந்த ஐயம் இல்லையென்றால் திகிலும் இல்லை. பலிக்கும் என்று தெரிந்த குறியில் காத்திருக்க என்ன இருக்கிறது?

சுஜாதா இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். குமுதத்தில் தொடராக வந்த ‘கொலையுதிர் காலம்’ நாவலில் வழக்கறிஞர் கணேஷும் ஜூனியர் வசந்தும் ஒரு சொத்து விவகாரமாகப் பெரிய பங்களாவுக்குப் போகிறார்கள். அங்கே பேய் இருப்பதாகச் சொல்கிறார்கள், கொலையும் நடக்கிறது. வேறு எழுத்தாளராக இருந்தால் நம்புகிறவர்களை ஊர்க்காரர்களாகவும் நம்பாதவர்களைத் துப்பறிகிறவர்களாகவும் பிரித்திருப்பார். சுஜாதா பிளவைத் துப்பறியும் ஜோடிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். கணேஷ் ஹோலோகிராம் போன்ற விஞ்ஞான விளக்கத்தைத் தேடிப் போக, வசந்த் பேய் பக்கம் சாய்கிறான். நாம் எத்தனையோ கதைகளில் இருவரையும் நம்பிப் பழகியவர்கள். இப்போது யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் திண்டாடுகிறோம். கொலையாளி யார் என்ற கேள்வியைவிட இந்தத் திண்டாட்டம்தான் நம்மைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துப்போகிறது. முடிவிலும் அவர் அதை முழுக்கத் தீர்த்துவைக்கவில்லை. அதை ஏமாற்று என்று கோபித்துக்கொண்ட வாசகர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையாகத்தான் படுகிறது.

ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘ஆ’ இன்னொரு வகை. நல்ல வேலையில் இருக்கும் படித்த இளைஞனுக்குத் தலைக்குள் குரல் கேட்கத் தொடங்குகிறது. அது மனநோயா, முற்பிறவியின் மிச்சமா? ஒவ்வொரு அத்தியாயமும் ‘ஆ’ என்ற எழுத்தில் போய் நிற்கும்படி எழுதினார். வாரப் பத்திரிகைக்கு அது பிரமாதமான உத்தி. அடுத்த இதழ் வரும்வரை அந்த அலறல் வாசகரின் காதில் இருக்கும். புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போதோ பத்தாவது ‘ஆ’வில் நாம் கொஞ்சம் சிரித்துவிடுகிறோம். தொடர்கதைக்கென்று பிறந்த உத்தி அப்படித்தான்.

சினிமாவையும் ஒருவரி சொல்லிவிடுகிறேன். மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ 1984-இல் வந்தது. நாயகிக்குக் கொலைகள் முன்கூட்டியே காட்சியாகத் தெரியும். அந்தக் காட்சி துண்டுதுண்டாக வருவதுதான் படத்தின் பலம். முழுதாகத் தெரிந்திருந்தால் இரண்டாவது ரீலிலேயே போலீசுக்குப் போயிருப்பாள், படம் முடிந்திருக்கும்.

இதில் ஒரு தொழில் இரகசியம் இருக்கிறது. ஆற்றலுக்கு எல்லை வேண்டும். கிங்கின் ஆசிரியருக்குத் தொட்டால்தான் தெரியும், அப்போதும் சில இடங்கள் இருட்டாகவே இருக்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஜே. பி. ரைன் 1930-களில் இத்தகைய ஆற்றலைச் சீட்டுக்கட்டால் அளக்கப் பார்த்தார். ஐந்து குறிகள், இருபத்தைந்து சீட்டுகள். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும், அதற்கு மேல் எத்தனை என்பதுதான் கணக்கு. அறிவியல் உலகம் அவர் முடிவுகளை ஏற்கவில்லை. ஆனால் நாவலாசிரியர் அவரிடம் கற்க ஒன்று உண்டு. இருபத்தைந்தையும் சரியாகச் சொல்கிற பாத்திரத்தை வைத்துக் கதை நடத்த முடியாது. எட்டோ ஒன்பதோ சொல்கிறவள்தான் கதைக்கு உதவுவாள். இன்றைய வெப் சீரிஸ்காரர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்படியொரு நாவலை இந்த ஊரிலிருந்தே யாராவது எழுத வேண்டும் என்பது என் ஆசை. தொழிற்பேட்டையில் குவாலிட்டி செக்கிங் பார்க்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று வையுங்கள். ஜாப்பைக் கையில் எடுத்தால், சில நாள், அந்த மெஷினில் யாருக்கு அடிபடப்போகிறது என்று அவளுக்குத் தெரிகிறது. சில நாள் ஒன்றும் தெரிவதில்லை. தப்பாகவும் தெரிகிறது. கிங்கின் ஊராக இருந்தால் சூப்பர்வைசர் அவளை நம்ப நூறு பக்கம் ஆகும். இங்கே முதல் நாளே நம்பிவிடுவார். மறுநாள் மதிய ஷிஃப்டில் ஆபரேட்டர்கள் அவளிடம் மகள் கல்யாணத்தையும் வீட்டுக் கடனையும் கேட்க வரிசையில் நிற்பார்கள். அவள் வாய்தவறி ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டால், விபத்து நடந்தாலும் நடக்காவிட்டாலும், அவன் பக்கத்து மெஷினில் நிற்க ஆளிருக்காது. கொலை அதற்கு அப்புறம் வந்தால் போதும்.