வைத்தியச் சிட்டையும் உழைப்போர் உரிமையும்



நம் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கின்றனர். அங்கே நோயாளி வீடு திரும்பியபின் இரண்டாவது நோயொன்று தபாலில் வருகின்றது. அதுதான் வைத்தியசாலையின் கணக்குச் சிட்டை! பெறாத மருந்துக்கு விலை. ஒருமுறை செய்த பரிசோதனைக்கு இருமுறை கட்டணம். சிகிச்சைக் குறியீட்டில் தவறு. இத்தகைய சிட்டையைக் கண்டு அஞ்சிப் பணத்தைக் கட்டிவிடுவதா? கூடாது என்பதே நமது உறுதியான கருத்து.

கேட்பதற்குரிய இடம் தொழிலகமே. அதன் காரணத்தை அறிதல் வேண்டும். 1942 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் யுத்தகாலச் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தியது. ஆட்களைத் தேடிய கம்பனிகள் சம்பளத்தைக் கூட்ட இயலாமல் வைத்தியக் காப்புறுதியை அளிக்கலாயின. அவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் சிகிச்சைச் செலவை ஏற்பது நிறுவனமே. காப்புறுதிக் கம்பனி கணக்கை நிர்வகிப்பதோடு சரி. பிழையான சிட்டை தொழிலாளியின் பணத்தோடு நிறுவனத்தின் பணத்தையும் கரைக்கின்றது. ஆகவே, அங்கு உதவி கேட்பது இரத்தலன்று, உரிமையாகும்.

செய்ய வேண்டியவை யாவை? முதலில், ஒவ்வொரு செலவையும் தனித்தனியே காட்டும் விவரச் சிட்டையை வைத்தியசாலையிடம் கேட்டுப் பெறுக. காப்புறுதிக் கம்பனி அனுப்பும் விளக்கப் பத்திரத்தோடு அதனை வரிவரியாக ஒப்பிடுக. பிழை தென்பட்டால், இரண்டின் பிரதிகளையும் நிறுவனத்தின் ஊழியர் நலப் பகுதியிடம் கொடுத்து, எழுத்திலே உதவி கோருக. பேசியவர் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்க. நோயின் விவரத்தை மேலதிகாரிக்குச் சொல்லும் கடமை இதற்காக எவருக்கும் இல்லை. காப்புறுதிக் கம்பனியோடு மற்றொருவர் நமக்காகப் பேசுவதற்கு, எந்த அளவுக்கு என்று வரையறுத்து, நாமே கையொப்பமிட்டு அனுமதி அளிக்கலாம்.

சட்டமும் துணை நிற்கின்றது. 1974 ஆம் ஆண்டின் ஊழியர் நலச் சட்டத்தின்படி, தொழிலகக் காப்புறுதி பணந்தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கூறவேண்டும்; மேன்முறையீட்டுக்குக் குறைந்தது 180 நாட்கள் உண்டு. 2022 சனவரி முதல், அவசர சிகிச்சை அளித்த வைத்தியசாலை காப்புறுதியின் ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ளதாயினும், அதைக் காட்டி நோயாளியிடம் மிகைப்பணம் அறவிடுவதற்குத் தடை உள்ளது.

ஆயினும் சட்டம் தானே எழுந்து வந்து வாதாடாது. தனியொருவன் குரலைக் கம்பனி அலட்சியம் செய்யலாம். சேர்ந்து எழும் குரலை அவ்வாறு தள்ள முடியாது. தொழிற்சங்கங்களும் தொழில் வழங்குவோரும் சேர்ந்து நடத்தும் நலநிதிகளின் நிர்வாகத்தில் இருதரப்புக்கும் சம பிரதிநிதித்துவம் வேண்டுமென 1947 ஆம் ஆண்டின் சட்டமே விதித்துள்ளது. அத்தகைய நிதி உள்ளவர்கள் சங்கத்தின் கதவைத் தட்டுவார்களாக!

நெல்லை அளந்து கொடுக்கும் கமக்காரன் மரைக்காலைச் சரிபார்க்கின்றான். நோயுற்ற மகனும் தன் சிட்டையைச் சரிபார்க்கட்டும். இன்றிரவே நம் பிள்ளைகளுக்கு இதனை எழுதுவோம்: கணக்கைக் காணாமல் காசைக் கொடாதே, தனித்து நின்று தளராதே!