காவிரியின் கொடை

துலா மாதத்தில் மாயூரநாதன் சந்நிதியில் நின்று காவிரியைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

குடகு நாட்டுப் பிரமகிரிச் சாரலில், தலைக்காவிரியில், சிறு சுனையாகத் தோன்றுகின்றாள் அன்னை. ஏமாவதியும் கபினியும் பவானியும் அமராவதியும் வந்து கலக்க, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து கடலை அடைகின்றாள். அவளுக்கு நீர் தரும் நிலப்பரப்போ 81,000 சதுர கிலோமீட்டர். இத்துணையும் பெற்றவள் கடல் புகும் பூம்புகாரில் எப்படி இருக்கவேண்டும்? சென்று பாருங்கள், ஒரு வாய்க்கால் போலத்தான் இருக்கின்றாள்!

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து பெருவெள்ளத்தை வாங்கிக்கொள்கின்றது. கல்லணையில் வெண்ணாறு பிரிகின்றது. அப்பால் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் எனக் கிளைகள் விரிகின்றன. அவள் மெலிய மெலிய வயல்கள் விளைகின்றன. அந்த விளைவில் எழுந்தவையே சோழநாட்டுத் திருக்கோயில்கள். பாடல்பெற்ற தலங்கள் வடகரையில் 63, தென்கரையில் 127.

இக்கொடை எளிதில் வாய்த்ததன்று. திருவலஞ்சுழித் தலபுராணம் கூறுவதைக் கேளுங்கள். அவ்விடத்தில் காவிரி ஒரு பிலத்துள் இறங்கிப் பாதாளம் புகுந்துவிட்டாள். சோழநாடு நீரின்றித் தவித்தது. மன்னன் கலங்கி நின்றான். ஏரண்ட முனிவர் வந்தார். அவருக்கு நிலமுண்டா, குடும்பமுண்டா? ஒன்றுமில்லை. இருந்தும் ஊரார் உயிர் பிழைக்கத் தம் உடலோடு அப்பிலத்துள் இறங்கினார். அன்னை மேலெழுந்து, வலமாகச் சுழித்து நடந்தாள். தலத்தின் பெயரே அதனால் வந்தது என்பர்.

நம் காலத்தில் நீரை அளந்து பிரிக்கவேண்டியதாயிற்று. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018-இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது. மழை பொய்த்த ஆண்டில் அந்த எண்ணுக்கும் பொருளில்லை என்பதை மேட்டூரைப் பார்த்திருக்கும் உழவர் அறிவர். அவ்வழக்கை இங்கே விரிக்க நான் விரும்பவில்லை. வந்த நீரை நாம் எப்படி நடத்துகின்றோம் என்பதே என் கவலை.

ஐப்பசி முழுதும் கழிந்தபின் ஒரு முடவன் தட்டுத்தடுமாறி இத்துறைக்கு வந்தான். பெருமான் அவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கார்த்திகை முதல் நாளில் மூழ்கியும் அதே பயனை அவன் பெற்றான். முடவன் முழுக்கு என்று இன்றும் சொல்கின்றோம். அவனுக்காகக் காத்திருந்த நீரில், முப்பது நாளும் மூழ்கியவர்கள் பழந்துணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகின்றோம். அது பாவம் கழிக்கும் சடங்காம்! எந்த ஆகமத்தில் இருக்கின்றது, ஐயா?

நாளைக் காலை நீராட வருவோர் கழற்றிய துணியைக் கரையிலேயே வைத்துவிடுங்கள். அள்ளிச் செல்லத் தொண்டர்கள் நிற்பார்கள்.