என்ன வேண்டும், எப்படிச் செய்வது?



கணினியிடம் வேலை வாங்க இரண்டு வழிகள் உண்டு. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று படிப்படியாக எழுதிக்கொடுக்கலாம். அல்லது எனக்கு வேண்டியது இதுதான், வழியை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிடலாம். இதில் எது சிறந்தது என்ற வாதம் மென்பொருள் துறையில் இன்னும் ஓயவில்லை. அது கூர்மையாக நடந்த ஒரு களம், தரவுத்தளம்.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவுகளை எளிய அட்டவணைகளாகப் பார்ப்போம்; அவை உள்ளே எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்ற கவலை கேட்பவருக்கு வேண்டாம் என்றார். அன்றைய நடைமுறையோ வேறு. வாடிக்கையாளரின் பதிவிலிருந்து அவருடைய ஆர்டருக்கு, ஆர்டரிலிருந்து பொருளுக்கு என இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு புரோகிராமரே போக வேண்டும். அந்த முறையின் முன்னோடி சார்லஸ் பாக்மன். 1973இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது பெற்று ஆற்றிய உரையில், புரோகிராமரைக் கடலில் வழி காணும் மாலுமியாகவே அவர் பார்த்தார். மறு ஆண்டே அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கருத்தரங்கில் இரு தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன.

பாக்மன் தரப்பைப் பழமைவாதிகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கணினிகள் மெதுவாக ஓடிய காலம். நினைவகம் விலை உயர்ந்த பொருள். தரவு எங்கே இருக்கிறது என்று அறிந்த மனிதரைவிட நல்ல வழியை இயந்திரம் கண்டுபிடித்துவிடுமா? நியாயமான கேள்விதானே!

பதில் உடனே வரவில்லை, பல ஆண்டு உழைப்பில் வந்தது. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இன்று எஸ்க்யூஎல் என்று நாம் அறியும் மொழியை உருவாக்கினார்கள். ஆனால் மொழி மட்டும் போதாது. கேட்டதைக் கொண்டுவர நூறு வழி இருக்கலாம். எந்த அட்டவணையை முதலில் தொடுவது, தேடலை விரைவாக்கும் எந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துவது, ஒவ்வொரு வழிக்கும் செலவு எவ்வளவு என்று மதிப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1979இல் பட்ரிசியா செலிங்கரும் அவர் குழுவினரும் வெளியிட்டார்கள். ஆப்டிமைசர் என்ற அந்தப் பகுதி, படிப்படியாக யோசித்து எழுதப்பட்ட கடுமையான நிரல். காட் வென்றார் என்றால், அந்த வெற்றியைச் சாத்தியமாக்கியது இந்த நிரல்தான்.

அதனால்தான், இனி வேண்டியதைச் சொன்னால் போதும், புரோகிராமிங் தேவையில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் செயலி மூன்று பிரதிகளாக ஓட வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவிடுகிறோம். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று தானாகத் தொடங்குகிறது. உள்ளே, கேட்ட நிலையையும் இப்போதைய நிலையையும் ஓயாமல் ஒப்பிட்டுச் சரிசெய்துகொண்டே இருக்கிறது ஒரு நிரல். வேண்டிய சர்வர்களைக் கோப்பில் எழுதினால் அமைத்துத்தரும் டெர்ராஃபார்ம் போன்ற கருவிகளில் நிபந்தனையும் திரும்பத் திரும்பச் செய்யும் வசதியும் வந்து சேர்ந்ததையும் கவனியுங்கள். வெளியே அனுப்பிய புரோகிராமிங், வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

உள்ளே நடப்பதும் தெரிய வேண்டும் என்பதால், எஸ்க்யூஎல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கேள்வி எழுதச் சொல்லித்தரும் அதே வாரத்தில் 'எக்ஸ்பிளெய்ன்' கட்டளையையும் காட்டுங்கள். தரவுத்தளம் எந்த வழியைத் தேர்ந்தது, இண்டெக்ஸைத் தொடுமா, முழு அட்டவணையையும் படிக்குமா என்பதை அது சொல்லிவிடும். சிறிய அட்டவணையில் நொடியில் முடிந்த கேள்வி, தரவு பெருகிய பிறகு நிமிடக்கணக்கில் இழுத்தால், மாணவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.