போன் கம்பெனிக்கு நாம் என்ன விற்கலாம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுறோம். நம்ம காசு போன் கம்பெனிக்குப் போகுது. அங்கிருந்து நம்ம கைக்குக் காசு வர வழி இருக்கா? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ஒரு வழி, வேலை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா செல்போன் ஆலை தொடங்கியபோது சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பரில் ஆலையை மூடிவிட்டார்கள். பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா சம்பளத்தை மட்டும் நம்பினா ஆலையோடு அதுவும் போயிடும்.

இன்னொரு வழி, சப்ளை. கம்பெனிக்குச் சீருடை வேணும், துணிப்பை வேணும், அலுவலகத்தைச் சுத்தம் பண்ண ஆள் வேணும், கேன்டீன் நடத்தணும். இதையெல்லாம் யாரோ ஒருத்தர் கொடுக்கத்தானே செய்றாங்க? அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. என்ற போன் கம்பெனி 1968-லேயே, ஒதுக்கப்பட்டவர்களின் நிறுவனங்களிடமும் வாங்கணும்னு திட்டம் போட்டது. ஆனா 2025-ல் வெரைசான் என்ற இன்னொரு பெரிய கம்பெனி, அரசின் நெருக்கடியில் இப்படிப்பட்ட திட்டங்களைக் கைவிட்டது. கம்பெனி மனசு வச்சுக் கொடுத்தது, மனசு மாறினா போயிடும்.

நம்ம நாட்டில் அரசாணையே இருக்கு. பி.எஸ்.என்.எல். போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் வருஷத்துக்கு வாங்குவதில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2012-ல் வந்த ஆணை இது. அதற்குள்ளேயே எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 4 சதவீதம். 2018-ல் பெண்களுக்கு 3 சதவீதம் சேர்த்தார்கள். தனியார் போன் கம்பெனிகளை இந்த ஆணை கட்டுப்படுத்தாது.

டெண்டர் படிவத்துக்குக் காசு இல்லை, முன்வைப்புத் தொகையும் இல்லை. ஒரு சீருடைக்குக் குறைந்த விலை 200 ரூபாய், நாம 225 போட்டிருக்கோம்னு வைங்க. 15 சதவீதத்துக்குள்ளதான் வித்தியாசம். நாமும் 200-க்கு இறங்கினா ஆர்டரில் ஒரு பங்கு நமக்குக் கிடைக்கும். கட்டுபடியாகுமான்னு முதல்லயே கணக்குப் போட்டுக்கணும், அவ்வளவுதான். பொருள் நாமே செய்ததா இருக்கணும். கடையில் வாங்கி விற்றா இந்தச் சலுகை கிடையாது.

போன மாசம் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தையல் யூனிட்டுக்குப் போயிருந்தேன். அஞ்சு மெஷின். குழுக் கடனில் வாங்கியது. தைக்கிறதும் கடன் கட்டுறதும் அந்த அக்காதான். உத்யம் சான்றிதழைக் கேட்டேன், பெட்டியிலிருந்து பத்திரமா எடுத்துத் தந்தாங்க. பார்த்தா வீட்டுக்காரர் பேரு! "அவரு பேருல இருந்தா என்ன, என் பேருல இருந்தா என்ன? ஒரே வீடுதானே" என்றார் அக்கா. வீடு ஒண்ணுதான். ஆனா அரசாங்கக் கணக்குல அது பெண் நிறுவனம் இல்லை. அந்த 3 சதவீதத்துக்கு அவங்க மனுப் போட முடியாது. அந்தச் சான்றிதழுக்கு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் வேற வாங்கியிருக்காங்க. உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதார், பான் இருந்தா போதும். கூட்டாகத் தொழில் செய்றவங்க பெண்கள் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையாமல் எழுதுங்க. குழுவின் பேரிலும் பதியலாம்.

பணம் எப்ப வரும்னு கேப்பீங்க. 2006-ஆம் வருஷச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் தரணும். தாமதமானா ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. ஆனா 45 நாள் தாக்குப்பிடிக்கத் துணிக்கும் நூலுக்கும் கையில் காசு வேணும். அதனால முதல் ஆர்டரைச் சின்னதா எடுங்க.

அந்த அக்கா வீட்டுக்காரரிடம் பேசிட்டாங்க. பழைய பதிவை ரத்து செய்து தன் பேரில் பதியப் போறாங்க. நீங்களும் வீட்டுக்குப் போனதும் சான்றிதழில் யார் பேர் இருக்குன்னு பாருங்க. அடுத்த கூட்டத்துக்கு ஊக்குநர்கள் அந்த ஜெராக்ஸைக் கொண்டு வாங்க, உட்கார்ந்து சரிபார்ப்போம்.