மர்மப்படத்தில் வாத்திய இசை

படத்தைப் பாட்டுக்காகவே பார்க்கும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றியது. ஊர்விட்டு வந்து பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியமர்ந்த தமிழருக்கோ, தாய்மொழியின் ஓசை நாள்தோறும் செவியில் விழுவதற்குத் திரைப்பாடல் ஒரு வழியாகவே இருந்து வந்திருக்கிறது. பாட்டு ஓய்ந்தபின் காட்சிகளின் அடியில் ஒலிக்கும் வாத்திய இசையை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மற்றப் படங்களில் இதனால் பெரும் நட்டம் ஒன்றுமில்லை. மர்மப்படத்தில் மட்டும் கதையின் பாதியை நாம் கேளாமலே எழுந்து வந்தவர்களாகிறோம்.

1954-ஆம் ஆண்டு ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை. அதை இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் என்பதுதான் வியப்பு! இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில் நிகழும் ஒரு கொலை; கொன்றவர் யார் என்று ஒவ்வொருவர் வாய்மொழியாக ஆராய்ந்து செல்லும் கதை. நடுவே நாயகியும் தோழியரும் பாடத் தொடங்கினால் ஐயம் கலைந்துவிடும் என்பதை அந்த வித்துவான் அறிந்திருந்தார். இசையில் ஊறியவருக்கே, அதை எங்கே நிறுத்தவேண்டும் என்பதும் தெரியும் போலும்.

இனி, நம் நகருக்கு வருவோம். 1977-இல் 'கோகிலா' என்ற கன்னடப் படத்தின் வாயிலாக இயக்குநரான பாலு மகேந்திரா, 1980-இல் தமிழில் 'மூடுபனி'யைத் தந்தார். பெங்களூரிலும் உதகையிலும் எடுக்கப்பெற்ற அப்படத்தில், இளமையில் மனம் சிதைந்த ஒருவன் கொலைகாரனாகிறான். இசை இளையராஜா, அவருக்கு அது நூறாவது படம். அவர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். அப்பணியில் பெரும்பகுதி கன்னடப் படங்களுக்கே உரியது. ராஜ்குமார் படங்களின் பாடல்களை அண்டை வீட்டுப் பாட்டென்று இங்கே நாம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், அந்த வாத்தியக் குழுக்களிடையே அவர் தொழில் பயின்றுகொண்டிருந்தார்.

வாத்தியங்கள் அச்சத்தை எவ்வாறு பிறப்பிக்கின்றன? நமக்குப் பழக்கமான ஒன்றைக்கொண்டே இதை விளக்கலாம். புரந்தரதாசர் வகுத்தளித்ததாகச் சொல்லப்படும் பாடமுறைப்படி, இசை பயிலும் குழந்தை முதலில் மாயாமாளவகௌளையில் சரளிவரிசை பாடுகிறது. அதிலுள்ள ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையே அரைச்சுர இடைவெளிதான். ஒன்றன்பின் ஒன்றாகப் பாடும்போது அவை விடியற்காலையின் அமைதியைத் தருகின்றன. அதே இரண்டு சுரங்களைப் பத்து வயலின்கள் ஒரே கணத்தில் சேர்த்து இழுத்தால் நெஞ்சு பதறும். சுரங்கள் மாறவில்லை, நேரம்தான் மாறியது. அவ்வாறே, தம்பூராவின் நீண்ட சுருதி நமக்கு நிழல் தரும் மரம் போன்றது. செல்லோ வாத்தியத்தின் தாழ்ந்த சுரம் ஒன்று, எங்கும் சென்று சேராமல் அப்படியே நீடித்தாலோ, கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகத் தோன்றுகிறது.

மேனாட்டில் இதற்குப் பேர்போன சான்று 1960-இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'. குளியலறைக் கொலையை இசையின்றியே காட்ட ஹிட்ச்காக் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களை மட்டும் கொண்டு, சுரங்கள் ஒன்றோடொன்று மோத எழுதிக்காட்டினார். கேட்டபின் இயக்குநர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பாட்டை விலக்கிய பாலசந்தரும், மௌனத்தை விலக்க இசைந்த ஹிட்ச்காக்கும் எடைபோட்டது ஒன்றைத்தான்: எவ்வளவு ஒலி, எந்த நொடியில் என்பது.

'மூடுபனி'யில் பாட்டு உண்டு. 'என் இனிய பொன் நிலாவே' என்று யேசுதாஸ் குரலில் ஒலிக்கும் பாடலை இன்றும் வானொலியில் கேட்டு மகிழ்கிறோம். காதற்பாட்டென்றே பலரும் அதைக் கொள்கின்றனர். படத்திலோ, கிதாரை மீட்டியவாறு அதைப் பாடுபவன் அந்தக் கொலைகாரன். எதிரே இருப்பவள் அவன் கடத்தி வந்த பெண். படத்திலேயே மிக இனிய மெட்டு, நாம் மிகவும் அஞ்சவேண்டியவன் வாயிலிருந்து வருகிறது. அவன்மேல் அச்சம் கொள்வதா, இரக்கம் கொள்வதா என்று மனம் தடுமாறுகிறது. வயலின்களின் அலறலைக் காட்டிலும் நுட்பமான வேலை இது என்பது நம் கருத்து. பிரதாப் போத்தனின் நடிப்பும், படம் வெளிவருமுன்பே மறைந்த ஷோபாவின் முகமும் அந்தத் தடுமாற்றத்தை மிகுவிக்கின்றன.

நாம் வருந்துவதற்கும் ஒன்று உண்டு. ஹெர்மன் தம் 'சைக்கோ' இசையை 1975-இல் தாமே நடத்தி, தனி இசைத்தட்டாகப் பதிவுசெய்தார். படமின்றியும் அதைக் கேட்கலாம். நம் நாட்டிலோ இசைத்தட்டில் ஏறியவை பெரும்பாலும் பாடல்களே. காட்சியைப் பார்த்து, தாளில் சுரம் எழுதி, பல கலைஞர் கூடி வாசித்த பின்னணி இசை, உரையாடலுக்கும் காலடி ஓசைக்கும் அடியில் கலந்து, படச்சுருளின் ஓரத்து ஒலிக்கோட்டில் தங்கிற்று. சுருள் கெட்டால் அதுவும் கெடும். ஆகவே, 'மூடுபனி'யோ 'அந்த நாளோ' அடுத்தமுறை வீட்டில் ஓடும்போது, சிறிது நேரம் கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். குழந்தைகள் உடனிருந்தால் விளக்கை மட்டும் அணைக்கவேண்டாம்.