வளவில் ஒரு பாத்தி



நாட்டில் உணவு முட்டுப்பாடு நேரும்போதெல்லாம் வீட்டுத் தோட்டம் என்னும் சொல் பலர் வாயிலும் வந்து சேர்கின்றது. 2022ஆம் ஆண்டிலும் அவ்வாறே வந்தது. பொருள் நெருக்கடி மிகுந்திருந்த அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க உத்தியோகத்தர் தத்தம் வளவுகளிற் பயிர் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை இசைவு தந்தது. மண்வெட்டியைத் தொட்டறியாத கைகள் பல அந்நாட்களில் மண்ணைத் தொட்டன. அன்று கொத்திய பாத்திகளுட் சில நிலைத்தன. பலவற்றைச் சந்தையிற் காய்கறி மலிந்தவுடன் புல் மூடிற்று. பசிக்காக மட்டும் தொடங்கிய முயற்சி பசி நீங்கியதும் ஓய்ந்துபோவது இயல்பே. ஆயினும் அப்பாத்தி மனிதனுக்குத் தரக்கூடியது காய் மாத்திரந்தானா என்பது ஆராயத்தக்கது.

பூசணிக்கொடியை நோக்குவோம். அதனைப் புதிதாக நட்டவர் முதற் பூவைக் கண்டு மகிழ்கின்றார். அது அன்றே கூம்பிப் பின் விழுந்துவிடுகின்றது. அடுத்த பூவும் அவ்வாறே விழுகின்றது. பல நாள் இப்படிக் கழிந்தால் அவர் மனம் சோர்கின்றது. கொடிக்கு நோய் என்பார். நாவூறு என்று கருதிப் பழைய பானையிற் சுண்ணாம்புப் புள்ளியிட்டுத் தோட்டத்தில் நிறுத்துவாரும் உளர். உண்மையோ வேறு. பூசணியில் முதலில் மலர்வன பெரும்பாலும் ஆண் பூக்களே. பெண் பூ பின்னரே வரும். அதன் அடியிற் சிறு பிஞ்சு முதலிலேயே அமைந்திருக்கும். அப்பூ விடியலில் விரிந்து நண்பகலுக்கு முன் கூம்பிவிடும். அச்சில நாழிகைக்குள் ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொணர்ந்தாற் காய் உண்டு. கொணராவிடிற் பிஞ்சு வெம்பி உதிரும். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவிலே தாமே தடவிவிடுவோரும் உண்டு. அவர்களும் பூ விரியும் நேரத்துக்குத் தம் நித்திரையை ஒழுங்குசெய்தல் வேண்டுமேயன்றி, தம் நித்திரைக்கு ஏற்பப் பூவை விரியச் செய்தல் இயலாது. எருவிடலும் நீர் வார்த்தலும் மனிதன் கையில் உள்ளன. தேனீயை வா என்று அழைக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. நஞ்சு தெளித்து வராமற் செய்யும் ஆற்றல் மாத்திரம் உண்டு. யான் செய்தேன் என்னும் செருக்கை நூல் கற்றுக் களைய முயல்வோர் ஒரு பருவம் பூசணி நட்டுப் பார்ப்பதும் நன்று.

நீரைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கித் தேங்குவதே கிணற்று நீர். கிணறுகள் வேறு வேறாயினும் அடியில் நீர் தொடர்புற்றே கிடக்கின்றது. ஒருவர் அளவுமீறி இடும் யூரியா அயலவர் குடிக்கும் நீரிற் போய்ச் சேரும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். வேலிக்காக ஒரு முழ நிலத்தின்மேல் ஆண்டுக்கணக்கில் வழக்காடும் நம்மவர்க்கு இது சற்றே சிந்திக்க வேண்டிய செய்தி.

இனி, கொடுத்தலைக் காண்போம். தோட்டத்தின் மிகக் கடினமான பாடம் அதுவே. வீட்டுக்குப் போக எஞ்சியதை அயலுக்குக் கொடுப்பது எளிது. நாருண்டு முற்றிய வெண்டிக்காயை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தம்மைக் கொடையாளியென்று கருதுவாரை எந்த ஊரிலும் காணலாம். சேக்கிழார் பெருமான் பாடிய பெரிய புராணத்திலே இளையான்குடி மாறனார் கொடுத்த கொடை அத்தகையதன்று. செல்வம் சுருங்கி வறுமையுற்ற காலத்து, மழை பொழியும் நள்ளிரவில் அடியார் ஒருவர் பசியோடு அவர் வாயிலை அடைந்தார். வீட்டில் ஒன்றும் இல்லை. அன்று பகல் வயலில் விதைத்த நெல்லே உண்டு என்று நினைவூட்டியவர் அவர் மனைவியார். மாறனார் இருளிலே கூடையோடு சென்று முளைவித்தை வாரிவந்தார். விறகின்மையாற் கூரை வரிச்சை அறுத்துக் கொடுத்தார். கறிக்கு யாது செய்வது? கொல்லையிலே வளர்ச்சி நிரம்பாத குறும்பயிர் நின்றது. அதனை இருளிலே தடவித் தடவிப் பறித்தார். அம்மையார் அதனையே பலவகைக் கறியாகச் சமைத்தார்.

அப்பயிரைப் பறித்த செயலுக்குச் சேக்கிழார் கூறும் உவமை ஆழ்ந்து எண்ணத்தக்கது. பாசத்தின் வேரைப் பறிப்பவர்போலப் பறித்தார் என்கின்றார் அவர். தாமே நட்டு, தாமே நீர் வார்த்து, நாளும் காலையிற் சென்று எத்தனை இலை விட்டது என்று பார்த்த செடியை முற்றுமுன் வேரோடு பிடுங்கியவர்க்கே அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும். பிள்ளைப் பாசத்துக்கு அடுத்தது பயிர்ப் பாசம் என்று முதியோர் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாறனார் துறந்தது பொன்னோ பூமியோ அன்று. ஒருபிடி கீரையும் ஒருகூடை விதையுமே. அவை அடுத்த அறுவடையின் நம்பிக்கையாய் இருந்தமையாற் பெரியவையாயின.

விரும்பிக் கொடுப்பது ஒன்று. விட்டுப் பிரிய நேர்வது மற்றொன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையினூடே தென்மராட்சி நோக்கி நடந்தனர். அது ஐப்பசி மாதம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடை போடும் காலம். நாற்றுக்கு மூடிய ஓலையை எடுக்கவும் பொழுதின்றிப் புறப்பட்ட குடும்பங்கள் பல. அவ்வழியிலே ஊர் பெயர் கேளாமல் தம் வளவிலே இடமும், தம் முருங்கையிலே காயும் கொடுத்த தென்மராட்சி மக்களும் இருந்தனர்.

அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின்னர் பலர் மீண்டனர். வலிகாமம் வடக்கிலுள்ளோருட் பலர்க்கோ அதற்கு மேலும் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மீண்டவர்கள் கூரையற்ற சுவர்களைக் கண்டனர். படலையடியிற் பற்றை மண்டியிருந்தது. முதலிற் கிணற்றை இறைத்தனர். மூன்று நாள் நான்கு நாள் இறைத்து, அடியில் ஊற்றுத் தெளிந்த பின், அந்நீர் பாயும் வாய்க்காலின் ஓரத்திலே ஒரு சிறு பாத்தி கட்டிக் கீரை விதையைச் சாம்பலோடு கலந்து தூவினர்.